கண்ணா? கேமராவா?



பறவையைக் கண்ணால் பார்ப்பது இன்பமா, கேமராவில் பிடிப்பது இன்பமா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர், "எங்களிடம் ஆல்பம் இருக்கிறது, உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கல்யாண வீட்டிலும் இந்தக் கதைதானே! மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். நமக்குத் தெரிவது வீடியோக்காரர் முதுகு! (சிரிப்பு)

நாரையின் அலகுக்கு என்ன உவமை சொல்லலாம் என்று பாண்டியன் ஒருவன் நாள்கணக்கில் யோசித்தானாம். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த சத்திமுத்தப் புலவர், பிளந்த பனங்கிழங்கு என்று பாடிவிட்டார். ராஜா போர்வையைத் தூக்கிக் கொடுத்தான் என்பது கதை. புலவரிடம் ஏது சார் கேமரா? உற்றுப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் திருப்பாச்சூர். திருவள்ளூர் வந்து, பொன்னேரி போய், அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி அது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும். நம் பக்கத்துப் பகுதியை 1980-ல் சரணாலயமாக்கினார்கள். மழைக்காலம் முடிந்தால் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அது சாப்பிடுகிற அழகே தனி. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகுக்குள்ளேயே சல்லடை! பாசியும் கூனிப்பூச்சியும் உள்ளே தங்கிவிடும். அந்தத் தீனியில் இருந்துதான் அதற்குச் சிவப்பே வருகிறது.

ஒரு தை மாதம் என் மாணவனோடு போனேன். பெரிய கேமரா வைத்திருந்தான். "ஐயா, நிற்கும்போது எல்லாம் வெள்ளையா தெரியுது. பறந்தாத்தான் இறக்கையில சிவப்பும் கறுப்பும் தெரியும்" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தட்டினேன். இருபத்தைந்து வருஷமாக மேடையில் கைதட்டு வாங்கித்தான் பழக்கம். அன்றைக்கு நானே தட்டினேன்!

பூநாரை காக்கை மாதிரி சட்டென்று எழும்பாது. தண்ணீரில் தடதடவென்று ஓடித்தான் எழும்ப வேண்டும். மொத்தக் கூட்டமும் ஓடியது. மாணவன் கிளிக், கிளிக் என்று எடுத்துத் தள்ளினான்.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா, அதே சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடுகிற ஓலைப்பறியை வாயில் கவ்வியிருந்தார். அதைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா சார், துன்னுட்டு இருந்ததை எழுப்பி வுட்டுட்டியே!"

முனைவர் பட்டம் வாங்கியவன், பதில் தெரியாமல் நின்றேன். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவனை எழுப்புவோமா? தின்று சேர்த்த கொழுப்புதான் அதற்கு வழிச்செலவு. நான் ஒரு தட்டில் அதைச் செலவழிக்க வைத்தேன்.

எல்லாப் படக்காரரையும் சொல்லவில்லை. மறைவில் மணிக்கணக்காகக் காத்திருந்து எடுப்பவர்களுக்கு நான் ரசிகன். ஆனால் அப்படிக் காத்திருப்பவர் முதலில் கண்ணால் பார்க்கிறவர். அவர் எங்கள் அணி! (கைதட்டல்)

மறு வருஷம் தனியாகப் போனேன். தூரத்திலேயே உட்கார்ந்தேன், தொலைநோக்கியோடு. இரண்டு மணி நேரம். வெயில் சாய்ந்தபோது அதுவாகவே ஓடி, அதுவாகவே எழும்பியது. அந்தச் சிவப்பைப் பார்த்தேன். படம் எங்கே என்று எதிரணி கேட்கும். இல்லை ஐயா.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.