நெத்தியில பருவா? முதல்ல தலைக்கு என்ன போடுறீங்கன்னு பாருங்க

இந்த வாரம் உங்க மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப வந்த ஒரு புலம்பலை எடுத்துக்கலாம். "ஃபேஸ்வாஷ் மாத்தியாச்சு, சன்ஸ்க்ரீன் மாத்தியாச்சு, பாலைக்கூட நிறுத்திப் பார்த்தாச்சு. நெத்தியில மட்டும் பொடிப்பொடியா வர்றது நிக்கவே மாட்டேங்குது."

இதே புலம்பலோட கிளினிக்குக்கு வர்றவங்ககிட்ட, க்ரீம் பேரையெல்லாம் கேக்கிறதுக்கு முன்னாடி முடியை மேல ஒதுக்கச் சொல்வேன். பொரி எல்லாம் முடி ஆரம்பிக்கிற கோட்டை ஒட்டியே இருக்கா? நெத்தி, காதோரம், பிடரி, சில பேருக்கு மேல்முதுகு வரைக்கும் வந்திருக்கா? ஏறக்குறைய ஒரே சைஸ்ல, தோல் நிறத்துலயே, தடவினா மணல் மாதிரி நெருடுதா? கன்னமும் தாடையும் சுத்தமா இருக்கா? அப்படின்னா என் சந்தேகம் முகத்துக்குப் போடுறது மேல இல்லை, தலைக்குப் போடுறது மேல.

இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1970-லேயே பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மேன்னு மூணு டாக்டர்கள் அமெரிக்காவில் இதைப் பத்தி எழுதி, 'பொமேடு ஆக்னி'ன்னு பேர் வெச்சாங்க. தலைமுடி படியறதுக்காகப் பொமேடு தடவிட்டு இருந்த கறுப்பின ஆண்களோட நெத்தியில இதே பொடிப்பொடி. நம்ம ஊர்ல பொமேடுக்குப் பதிலா பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். அதோட இப்போ ஹேர் சீரம், லீவ்-இன் கண்டிஷனர், ஜெல், வேக்ஸ் எல்லாம் சேர்ந்துக்கிச்சு.

நடக்கிறது இதுதான். ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் ஒரு சின்ன வாய் இருக்கு. அதுக்குள்ள செத்த செல்கள் உதிர்ந்து வெளிய வந்துட்டே இருக்கணும். எண்ணெய்ப்பசையான பொருள் அங்க தினமும் படிஞ்சா, செல்கள் உதிராம ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைச்சுக்கும். அழுக்கால வர்றது இல்லை இது. அதனாலதான் நாளைக்கு நாலு தடவை முகம் கழுவினாலும் போறதில்ல. தோல் வறண்டு எரியறதுதான் மிச்சம்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல உருகிடும். நம்ம நெத்தி எப்பவும் அதைவிடச் சூடு. காலையில எண்ணெய் வெச்சு வாரிட்டு, ஹெல்மெட் மாட்டி, சிக்னல்ல வெயில்ல நின்னா அது எங்க வழியும்னு நான் சொல்லணுமா?

உடனே வீட்ல போய் "டாக்டரே எண்ணெய் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க"ன்னு அம்மாகிட்ட சண்டை போடாதீங்க. நான் அப்படிச் சொல்லவே இல்லை. தேங்காய் எண்ணெய் முடிக்கு உண்மையிலேயே நல்லது. அதுல இருக்கிற லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள்ளயே இறங்கும். தலைக்குக் குளிக்கும்போது முடியில இருந்து புரதம் போறதைக் குறைக்கும். இந்தப் பலன் கிடைக்க நாள் முழுக்க எண்ணெயோட சுத்த வேண்டியதில்லை. குளிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, நெத்தி ஓரத்துல ரெண்டு விரல் அளவு விட்டுட்டு, முடியோட நீளத்துல தடவுங்க. அப்புறம் ஷாம்பு போட்டு அலசிடுங்க. அம்மாவுக்கும் திருப்தி, நெத்திக்கும் நிம்மதி. ராத்திரி வெச்சுட்டுத் தூங்குற பழக்கத்தை மட்டும் விடுங்க. தலையணை உறை அந்த எண்ணெயை விடிய விடிய கன்னத்துல தேய்க்கும்.

அடுத்து, குளிக்கிற வரிசை. நிறைய பேர் முதல்ல முகம், உடம்பு, கடைசியா தலை. கண்டிஷனர்ங்கறது முடியில ஒட்டி நிக்கறதுக்காகவே செஞ்ச பொருள். முதுகு வழியா வழிஞ்சா அங்கயும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அதனால தலையை முதல்ல முடிங்க, முடியைத் தூக்கிக் கிளிப் போடுங்க, அப்புறம் முதுகு, கடைசியா முகம். பைசா செலவில்லாத வைத்தியம். பக்கெட்ல குளிக்கிறவங்க முன்னாடி குனிஞ்சு அலசிக்கலாம்.

ஜெல், வேக்ஸ் போடுற பசங்க உள்ளங்கையில தேய்ச்சு, நுனி முடியில போடுங்க. அதே கையால நெத்தியைத் துடைக்காதீங்க. ஹெல்மெட் உள்துணியைத் துவைங்க. எப்போ கடைசியா துவைச்சீங்கன்னு கேக்க மாட்டேன்.

பாட்டில்ல 'நான்-காமெடோஜெனிக்'னு போட்டிருந்தா நம்பலாமான்னு கேட்டிருந்தீங்க. ஒரு குறிப்பா எடுத்துக்கோங்க, உத்தரவாதமா வேண்டாம். இணையத்துல சுத்துற 0 முதல் 5 வரைக்குமான மார்க் பட்டியல்கள்ல நிறைய மார்க், முயல் காதுல தடவிப் பார்த்த பழைய சோதனைகள்ல இருந்து வந்தது. முயல் காது நம்ம முகத்தைவிட ரொம்ப சீக்கிரம் அடைச்சுக்கும்.

எல்லா நெத்திப் பொரியும் இந்த வகை இல்லைங்கறதையும் சொல்லிடறேன். பயங்கரமா அரிச்சா, மலாசீசியாங்கற பூஞ்சை காரணமா இருக்கலாம். பொடுகுக்குப் பின்னால இருக்கிற அதே கூட்டாளிதான். அதுக்கும் எண்ணெய்தான் தீனி, ஆனா மருந்து வேற. பருவுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் சாப்பிட்டா இது அதிகமாகக்கூடச் செய்யும்.

எனக்கு உண்மையா பயம் இருக்கிறது வேற இடத்துல. பொறுமை போய், மெடிக்கல் ஷாப்ல "பருவுக்கு ஒரு க்ரீம் கொடுங்க"ன்னு வாங்கறீங்க பாருங்க, அங்க. டியூப்ல பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு ஏதாவது பேர் இருந்தா அது ஸ்டீராய்டு. ஒரு வாரத்துல முகம் பளிச்சுனு ஆகும். நிறுத்தினா முன்னைவிட மோசமா திரும்ப வரும். மாசக்கணக்கா போட்டா தோல் மெலிஞ்சு, சிவந்து, வெயில்ல நிக்கவே முடியாது. அதைச் சரிபண்றது, சாதாரணப் பருவைச் சரிபண்றதைவிடப் பல மடங்கு கஷ்டம். டாக்டர் எழுதித் தராம முகத்துல இதை வைக்கவே வைக்காதீங்க. அதே மாதிரி கிள்ளவும் வேண்டாம். நம்ம நிறத்துக்குப் பரு போனாலும் கரும் தழும்பு மாசக்கணக்குல நிக்கும்.

எப்போ சரியாகும்? அடைச்சது திறக்க நேரமாகும். எண்ணெய், சீரம் எல்லாத்தையும் ஒரே நாள்ல தூக்கிப் போட்டா எது காரணம்னு தெரியாமலே போயிடும். எது மேல சந்தேகம் அதிகமோ, அதை மட்டும் முதல்ல ஆறு வாரம் நிறுத்துங்க. ஒரே வெளிச்சத்துல வாரம் ஒரு போட்டோ எடுங்க. ஆறு வாரத்துல அசைவே இல்லைன்னா, இல்ல வலிக்கிற பெரிய கட்டியா வர ஆரம்பிச்சா, தோல் டாக்டரைப் பாருங்க. போகும்போது முகத்துக்குப் போடுறதோட தலைக்குப் போடுற பாட்டில்களையும் ஒரு பையில எடுத்துட்டுப் போங்க.