மலைவழிக்கு வேண்டுவன

விடுமுறை வந்ததும் நண்பர்கள் நாலைந்து பேர் கூடி மலைப்பக்கம் போய்வர விரும்புவது இளமைக்கு இயல்பு. அவ்விருப்பம் எழுந்தவுடன், "என்னென்ன வாங்க வேண்டும்?" என்ற கேள்வியும் உடன் எழுகிறது. கடைகளில் பொருள்களுக்குக் குறைவில்லை. ஆயினும் கடைக்குப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. நாம் போகும் மலையில், நாம் போகும் பருவத்தில், நமக்கு நேரக்கூடிய இடர்கள் யாவை? அவ்விடர்களுள் ஏதேனும் ஒன்றுக்கு விடையாக நிற்கும் பொருளே சுமக்கத் தக்கது. மற்றவை வெறும் பாரம்.

இதில் சிறு பொருள், பெரும் பொருள் என்ற வேற்றுமை இல்லை. 1912ஆம் ஆண்டு தென்துருவம் கண்டு திரும்பிய ஸ்காட் என்பவரின் குழுவினர், தாம் வழியில் சேமித்து வைத்திருந்த எண்ணெய்த் தகரங்களைத் திறந்தபோது எண்ணெய் குறைந்திருக்கக் கண்டனர். தகரத்தின் மூடியில் இருந்த தோல் வளையங்கள் கடுங்குளிரில் கெட்டுப்போனமையால் எண்ணெய் கசிந்து ஆவியாகிவிட்டது. அவர்களுக்கு முன்னரே, 1911 டிசம்பரில் துருவத்தை அடைந்த ஆமுண்ட்சென் இந்தக் குறையை அறிந்து, தம் தகரங்களை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தார். ஸ்காட் குழுவினர் ஐவரும் மாண்டதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் விரல் நுனியளவான ஒரு தோல் வளையமும் ஒன்று.

இனி நம் மலைகளுக்கு வருவோம். நடப்பது கால், ஆகவே காலணியே முதற்கருவி. மாலை நேரத்தில் பாதம் சற்றே வீங்கியிருக்கும். நாள் முழுதும் நடந்தாலும் அவ்வாறே வீங்கும். எனவே காலணியை மாலையில், தடித்த காலுறை அணிந்து, போட்டுப் பார்த்து வாங்குதல் நன்று. இறக்கத்தில் விரல்கள் முன்னே நெருக்குமாதலால், அங்குச் சிறிது இடம் இருக்க வேண்டும். அடிப்பாகம் வழுக்காத ஆழ்ந்த வரிகள் உடையதாக இருக்கட்டும். புதுக் காலணியோடு நேரே மலையேறுவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். இரண்டு மூன்று வாரமேனும் ஊருக்குள் அணிந்து பழகிய பின்னரே அதனை மலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வெள்ளியங்கிரி மலைக்குச் செல்வோர் அடிவாரத்தில் மூங்கில் கழி ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறும் வழக்கம் உண்டு. இறங்கும்போது முழங்காலின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அந்தக் கழி மிக நல்ல கருவி.

அடுத்தது உடை. ஓராயிரம் மீட்டர் உயர ஏற, வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில், கடற்கரையைவிட ஏறத்தாழ 17 டிகிரி குறைவாக இருக்கும் என்பது இக்கணக்கு. நம் ஊர் வெயிலுக்கு இதமான பருத்திச் சட்டை, வியர்வையிலும் மழையிலும் நனைந்தால் எளிதில் உலராது. ஈரத்தோடு காற்றும் சேர்ந்தால் உடற்சூடு விரைந்து வெளியேறும். பனி உறையாத மலையிலும் மனிதன் குளிரால் மயங்கி வீழக்கூடும் என்பதை மறவாதீர்கள். கம்பளி நனைந்த பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஆகவே மெல்லிய உடை ஒன்று, கம்பளிச் சட்டை ஒன்று, மேலே மழைக்கோட்டு ஒன்று என அடுக்கடுக்காக அணிவதே முறை. ஏறும்போது கழற்றலாம், நின்றவுடன் போட்டுக்கொள்ளலாம். மாற்றுடை ஒன்றை நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். மழைக்காலத்துச் சோலைகளில் அட்டைகள் மிகுதி. முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுள்ள காலுறை அவற்றைத் தடுக்கும்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை. சுமைக்கு அஞ்சி அதனைக் குறைப்பவர் நண்பகலில் வருந்துவர். ஓடை நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் அதில் நோய்க்கிருமி இருக்கலாம். துணியில் வடிகட்டினால் மண் போகும், கிருமி போகாது. கொதிக்கவைத்த நீரே நம்பத்தக்கது. நன்கு கொதித்த பின் ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேலான உயரங்களில் மூன்று நிமிடமும் கொதிநிலையில் வைத்தல் வேண்டும்.

இரவு தங்க எண்ணுவோர் கூடாரத்தைப் பற்றியே பேசுவர். கீழே விரிப்பதை மறந்துவிடுவர். போர்வை எத்துணைத் தடிப்பாயினும், உடலின் எடையால் அதன் அடிப்பக்கம் நசுங்கிவிடும். அவ்வழியே தரை சூட்டை உறிஞ்சும். ஆகையால் தடித்த விரிப்பு ஒன்று இன்றியமையாதது. கூடாரத்தைக் காட்டாற்றுப் படுகையில் ஒருபோதும் அடிக்காதீர்கள். உங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருக்கும்போதே மேல்மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும்.

பகலிலேயே திரும்பிவிடுவோம் என்றாலும் டார்ச்சு விளக்கும் மாற்று மின்கலமும் உடன் இருக்கட்டும். நெற்றியில் கட்டும் விளக்காயின் கைகள் இரண்டும் தடையின்றி இருக்கும். கைப்பேசி வழிகாட்டும் என்பது உண்மைதான். ஆனால் பள்ளத்தாக்கில் அலைத்தொடர்பு அற்றுப்போகலாம். குளிரில் அதன் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும். எனவே தாளில் அச்சிட்ட வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும். அவற்றைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். கழுத்தில் ஓர் ஊதல் தொங்கட்டும். நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது உதவி கோரும் உலகப் பொதுக்குறி. நிமிடத்துக்கு மூன்று முறை எழும் ஒலி அதற்கு விடை. குரல் கம்மிப்போன பின்னும் ஊதல் ஒலிக்கும்.

இவற்றையெல்லாம் முதுகுப் பையில் அடுக்குங்கால், கனமானவை முதுகையொட்டித் தோள்களுக்கு நடுவே அமையட்டும். பாரம் தோளைவிட இடுப்புப் பட்டையில் தங்குவது நலம். மழைக்கோட்டும் முதலுதவிப் பையும் கைக்கெட்டும் மேற்புறத்தில் இருக்கட்டும். ஓரிரவுப் பயணத்துக்கும் உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை வேண்டா.

இறுதியாக, எந்தக் கடையிலும் விற்கப்படாத கருவி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் காட்டுத் தீ சூழ்ந்து, மலைநடைக்குச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் பற்றிய தீ காற்றோடு மேல்நோக்கி ஓடும்போது, மனிதக் கால்கள் அதனை முந்த இயலாது. குளிருக்கு நல்லதென்று நாம் அணியும் செயற்கை இழை உடையோ, தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஓர் இடருக்கு விடையானது மற்றோர் இடருக்குத் துணையாகிவிடும் கொடுமை இது. கோடையில் காய்ந்த சரிவுக்குப் போவதில்லை என்ற முடிவைத் தவிர வேறெந்தக் கருவியும் அங்கே உதவாது. காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவது சட்டப்படி குற்றம் என்பதையும், வனத்துறையின் இசைவின்றி நுழைதல் ஆகாது என்பதையும் இந்நிகழ்ச்சியின் ஒளியில் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு வனத்துறை 2024இல் 40 மலைநடைப் பாதைகளை வகுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு செல்ல வழிசெய்தது. மலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் புல்லின் நிறத்தையும் காற்றின் போக்கையும் கண்டு, "இன்று வேண்டா" என்று சொன்னால், அச்சொல் உங்கள் பையில் உள்ள எல்லாவற்றினும் மேலானது.

நண்பர்களே, புறப்படுவதற்கு முந்தைய நாள் உங்கள் மூட்டையை அவிழ்த்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொரு பொருளையும் எடுத்து, "நீ எந்த இடருக்கு விடை?" என்று கேளுங்கள். விடை சொல்லாததை வீட்டில் வையுங்கள். விடையற்று நிற்கும் இடர் ஏதேனும் இருப்பின், அதற்குரியதைத் தேடிச் சேருங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். சிகரம் நாளையும் அங்கேயே இருக்கும். நீங்கள் நலமாகத் திரும்பினால் அதை மறுபடியும் காணலாம்.