நிலமா தலைவிதி?
(மனிதப் பூகோளம் பற்றிப் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

பூகோளம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது நதிகளின் பெயர், மலைகளின் உயரம், தலைநகரங்களின் பட்டியல். பரீட்சைக்காக நெட்டுருப் போட்டோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். இன்று நாம் பேசப்போவது அந்தப் பூகோளம் அல்ல. மனிதர்கள் பூமியில் எங்கே வாழ்கிறார்கள், ஏன் அங்கே வாழ்கிறார்கள், வாழும் நிலத்தை என்ன செய்தார்கள் என்று ஆராயும் மனிதப் பூகோளம்.

இதனால் நமக்கென்ன லாபம்? "உங்கள் பக்கம் வறண்ட பூமி, மழை கிடையாது, அங்கே பிறந்தவன் கஷ்டப்படத்தான் வேண்டும்" என்று பேசுகிறவர்களைத் தினமும் சந்திக்கிறோம். வறுமைக்குக் காரணம் வானமும் மண்ணும் மட்டுமே என்றால், மனிதனிடம் கேட்க ஒரு கேள்வியும் மிஞ்சாது. அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க, இந்தச் சாஸ்திரத்தின் நான்கு அடிப்படைக் கருத்துக்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இருப்பிடம். ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு. படத்தில் அது இருக்கும் புள்ளி ஒன்று. மற்ற ஊர்களோடு அதற்குள்ள தொடர்பு மற்றொன்று. முதலாவது மாறாது. இரண்டாவது மாறும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பம்பாய் நகரம் ஓரடிகூட நகரவில்லை. ஆனால் ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்த கப்பல்களுக்கு ஆயிரக்கணக்கான மைல் மிச்சமாயிற்று. லண்டன் பம்பாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த மாற்றத்தைச் செய்தது இயற்கையல்ல. ஆரம்ப வருஷங்களில் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட எகிப்திய விவசாயிகளின் கைகளும் அதை வெட்டின.

இரண்டாவது, ஜன அடர்த்தி. ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் என்ற கணக்கு. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 555 பேர். இந்தக் கணக்கு பயனுள்ளது. ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். எகிப்தின் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பாலைவனம். ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் நைல் நதியை ஒட்டிய சிறு துண்டில்தான் வாழ்கிறார்கள். மொத்தப் பரப்பால் வகுத்தால் எகிப்து விசாலமான தேசம். சாகுபடி நிலத்தால் வகுத்தால் நெருக்கடியான தேசம். ஆகவே, எதை எதனால் வகுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

"ஜனம் பெருத்தது, அதனால் வறுமை" என்பாரும் உண்டு. ஹாலந்தைப் பாருங்கள். அங்கும் ஒரு சதுர கிலோமீட்டரில் 500 பேருக்கு மேல். நாட்டில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே. 1932-ல் கடலின் ஒரு கரத்தையே அணையால் அடைத்து, பின்னர் உள்ளே புது நிலம் எடுத்தார்கள். அது ஏழை நாடு அல்ல. வெறும் நெருக்கம் வறுமையை உண்டாக்குவதில்லை.

மூன்றாவது, மனிதனுக்கும் இயற்கைச் சூழலுக்கும் உள்ள உறவு. இங்கேதான் பெரிய விவாதம் நடந்தது. அமெரிக்கரான ஹன்டிங்டன் 1915-ல் வெளியிட்ட நூலில், நாகரிகத்தின் உயர்வு தாழ்வைச் சீதோஷ்ணமே பெரிதும் நிர்ணயிக்கிறது என்று வாதித்தார். உஷ்ண நாட்டு மக்கள் பிறருக்கு அடங்கியே இருக்க வேண்டும் என்போருக்கு இது எவ்வளவு சௌகரியமான சித்தாந்தம்! பிரெஞ்சு அறிஞர் விதால் த லா பிளாஷ் வேறு விதமாகச் சொன்னார்: இயற்கை பல வழிகளைத் திறந்து வைக்கிறது, எந்த வழியில் போவது என்பதை மனிதர்கள் தங்கள் பழக்கம், அறிவு, கருவி இவற்றைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. பெரியாறு மேற்கே ஓடி அரபிக் கடலில் விழும் நதி. 1895-ல் அதை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பினார்கள். அந்த வேலையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பலியான தொழிலாளிகள் பலர். கம்பம் பள்ளத்தாக்கில் வானம் மாறிவிடவில்லை. தண்ணீர் வந்தது, நெல் விளைந்தது. பூமி அதே பூமிதான். உழைப்பு அதன் குணத்தை மாற்றியது.

ஆனால் தோழர்களே, நிலம் செழித்துவிட்டால் எல்லோர் வயிறும் நிறைந்துவிடுமா? இல்லை. பிரேஸில் நாட்டு ஜோஸுவே த காஸ்ட்ரோ 1946-ல் 'பசியின் பூகோளம்' என்ற நூலை வெளியிட்டார். அவருடைய தேசத்தின் வடகிழக்கில் இரண்டு பிரதேசங்கள். கடலோரத்தில் நல்ல மழை, வளமான மண். உள்நாட்டிலோ அடிக்கடி வறட்சி. பசி எங்கே அதிகம் என்று கேட்டால் வறண்ட பக்கத்தைத்தான் காட்டுவோம். அவர் கண்டது வேறு. வறண்ட பிரதேசத்தில் மழை பெய்த வருஷங்களில் ஜனங்கள் சோளமும் பயறும் பாலும் உண்டு ஓரளவு தேறினர். வறட்சி வந்தபோது பசி வந்தது. வளமான கடலோரத்திலோ பசி நிரந்தரமாகக் குடியிருந்தது! காரணம், அந்த மண் முழுவதையும் பெருந்தோட்டக்காரர்களின் கரும்பு விழுங்கியிருந்தது. தொழிலாளி தன் உணவுக்குப் பயிரிட ஒரு துண்டு நிலம் கிடைப்பது அரிது.

நான்காவது, குடிபெயர்தல். பிறந்த மண்ணை விட்டு மனிதன் ஏன் போகிறான்? ஓரிடம் தள்ளுகிறது, மற்றோரிடம் இழுக்கிறது என்பார்கள். தள்ளுவது எது என்று பார்க்க வேண்டும். 1877-ல் மழை பொய்த்தது. நம் சென்னை ராஜதானியிலும் பொய்த்தது, அதே பிரேஸில் வடகிழக்கிலும் பொய்த்தது. இங்கே 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். அந்த வருஷங்களிலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது! பிழைக்க வழியில்லாதவர்கள் இலங்கைத் தோட்டங்களை நோக்கி நடந்தார்கள். மழை பொய்த்தது இயற்கை. தானியம் போன திசையைத் தீர்மானித்தது மனிதர்கள். வறட்சி வேறு, பஞ்சம் வேறு.

இயற்கைக்குச் சக்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. புயலும் வெள்ளமும் யாரையும் கேட்டு வருவதில்லை. ஆற்று மணலை அள்ளிவிட்டு, ஏரியை மூடிவிட்டு, "கிணறு வற்றிவிட்டதே" என்று வானத்தைப் பார்ப்பதிலும் பயனில்லை. இயற்கையின் விதிகளை அறிந்து நடப்பதே புத்திசாலித்தனம். ஆனால் அதன் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க யாரையும் விடக்கூடாது.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அவரவர் ஊரின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது, முதலில் யார் வயலுக்குப் பாய்கிறது, கடைமடையில் இருப்பது யார்? பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எந்தத் தெருவுக்குப் பக்கம், எந்தத் தெருவுக்குத் தூரம்? வேலை தேடி வெளியூர் போனவர்கள் எத்தனை பேர், எந்த மாதத்தில் போகிறார்கள்? விளைந்தது எங்கே போகிறது? படத்தில் இவற்றைக் குறியுங்கள். எது இயற்கை வகுத்தது, எது மனிதன் வகுத்தது என்று இரண்டு நிற மையில் காட்டுங்கள். அடுத்த வகுப்பில் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு பேசுவோம். மனிதன் வகுத்ததை மனிதனால் மாற்ற முடியும்.