பரங்கிப்பேட்டை உலைகளும் தொல்லியலின் கடமையும்

(புதுதில்லியில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இதே தில்லியில், மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத்தூண் சுமார் 1,600 ஆண்டுகளாகத் துருவுக்கு இரையாகாமல் இருப்பதை உலகம் வியக்கிறது. சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. தொன்மையைப் போற்றுவது நன்று. ஆனால் இரும்புத் தொழில் துருத்தியிலிருந்து இயந்திரத்துக்கு மாறிய காலத்தின் தடயங்களும் தொல்லியலின் பொருளே.

1830இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் அதிகாரி ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் ஊதுலைகளை நிறுவினார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையையும் கடனையும் கம்பெனி அவருக்கு வழங்கியது. மலபார் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது.

சேலத்து மலைகளின் தாது, ஆற்றுவழியே பரிசல்களில் கடற்கரையை அடைந்தது. அருகில் நிலக்கரி இல்லாமையால் மரக்கரியே எரிபொருளாயிற்று. ஒரு டன் மரக்கரிக்கு அதைப்போல் பல மடங்கு மரம் வேண்டும். காடுகள் குறையக் குறைய, கரி மேலும் தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு ஏறியது.

உருக்கிய வார்ப்பிரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. அதனை உயர்ந்த உருக்காக மாற்றும் தொழிலும் அதன் இலாபமும் அங்கேயே தங்கின. உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு ஹீத் 1839இல் காப்புரிமை பெற்றதும் இங்கிலாந்தில்தான். 1856இல் இராயபுரத்திலிருந்து இரயில் ஓடியபோது தண்டவாளங்கள் பிரிட்டனிலிருந்து வந்தன. நிலக்கரியால் மலிவாக உருகிய பிரிட்டிஷ் இரும்பின்முன், மரக்கரியை நம்பிய பரங்கிப்பேட்டை நிற்க இயலவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே உலைகள் அணைந்தன.

இந்தியருக்குத் திறன் இல்லாமையால் உலைகள் அணையவில்லை. மூலப்பொருளை மட்டும் இங்கிருந்து எடுத்துச் சென்ற காலனிய உறவே அவற்றை அணைத்தது.

அக்காலத்து அறிக்கைகள் பெரும்பாலும் முதலாளியையும் கடனையும் பேசுகின்றன. தாது வெட்டியவரையும் கரி சுட்டவரையும் பரிசல் செலுத்தியவரையும் அறிய மண்ணையே கேட்கவேண்டும். கசடு உலையின் வெப்பத்தைக் கூறும். கரித்துண்டு வெட்டப்பட்ட மரத்தின் இனத்தைக் கூறும். குடியிருப்பின் அடித்தளம் தொழிலாளி வாழ்ந்த நிலையைக் கூறும்.

சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர்கள் எழுப்பிய கேள்வியும் இதுவே: நாட்டின் இரும்பு யாருக்கு உரியது? அக்கேள்வியின் வரலாற்றைக் காக்க, பரங்கிப்பேட்டை முதலிய இடங்களை முறையாக ஆய்வு செய்து பாதுகாக்கவேண்டும். மன்னரின் தூணுக்குக் கிடைக்கும் காவல் உழைப்பாளியின் உலைக்கும் கிடைக்கட்டும்.