புளிச்ச தீவனம்: வாசமா, பூசணமா?

மாடியில கோழி வளர்க்கிறவங்க நிறைய பேர் கேட்ட விஷயம், புளிச்ச தீவனம்.

கம்பு, உடைச்ச மக்காச்சோளம், தவிடு மூன்றையும் வாளியில் போட்டு, மேலே இரண்டு அங்குலம் நிற்கிற அளவு தண்ணீர் ஊத்துவேன். மூடியை இறுக்க மாட்டேன், வாயு வெளியேறணும். தானியம் ஊறி உப்பினதும் தண்ணீர் சேர்த்துக் கிளறணும். நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டாம் நாளே இட்லி மாவு வாசம் வந்துடும். இங்கேயும் வேலை செய்றது லாக்டிக் அமில பாக்டீரியாதான்.

ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா, தண்ணீர் வத்தி, மேலே பச்சைப் பூசணம். வீணாக்க மனசில்லாம, மேலாக வழிச்சு எறிஞ்சுட்டு, அடியில இருந்ததைக் குஞ்சுகளுக்கு வெச்சேன். இரண்டே நாள்ல மூணு குஞ்சு செத்துப்போச்சு. பூசண நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. குஞ்சு அதைத் தாங்காது.

புளிப்பு வாசம்னா வைங்க. பூசணம்னா மொத்தத்தையும் கொட்டிடுங்க.