சொல் நீங்கினும் நீங்காத அன்பு



சொல்லையே செல்வமாகக் கருதுவோர் கூடியுள்ள அவை இது. அச்செல்வத்தைச் சிறிது சிறிதாக இழந்த ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது.

ஐரிஸ் மர்டாக், 26 புதினங்கள் படைத்த ஆங்கில எழுத்தாளர். 1978-இல் புக்கர் பரிசு பெற்றவர். 1995-இல் வெளிவந்த அவருடைய கடைசிப் புதினத்தில் சொல்வளம் சுருங்கியிருந்ததைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். அல்சைமர் என்னும் மறதிநோய் கண்டறியப்படும் முன்னரே சொற்கள் விடைபெறத் தொடங்கியிருந்தன.

1956-இல் அவரை மணந்த ஜான் பெய்லி, ஆக்ஸ்போர்டில் ஆங்கிலப் பேராசிரியர். மனைவி ஒரே வினாவை ஓயாது கேட்டபோதும் விடை கூறினார், உணவளித்தார், உடை மாற்றினார், மழலையருக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியை உடனமர்ந்து பார்த்தார். 1998-இல் வெளியிட்ட நினைவு நூலில், தாம் சினந்த பொழுதுகளையும் அவர் மறைக்கவில்லை. சினமே எழாதவர் எவருமிலர். அது தணிந்ததும் மீண்டும் அருகே சென்று அமர்வதே பொறுமை.

நோயுற்றவருக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் வினாவே; முன்பு கேட்டது நினைவில் இல்லை. “இப்போதுதானே சொன்னேன்” என்பதால் நினைவு திரும்பாது, கலக்கமே மிகும். சொல்லின் பொருள் விளங்காதபோதும் குரலின் கனிவு அவரைச் சென்றடையும்.

1999 பிப்ரவரியில் மர்டாக் மறைந்தார்.

கவிதையில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வந்தால் அதனை அணி என்று போற்றுகிறோம். இல்லத்து முதியவர் ஒருவர் ஒரே சொல்லைத் திரும்பக் கூறும்போதும் அதே செவியைக் கவிஞர்கள் தருவார்களாக.