கல்வெட்டை முழுசாகப் படிக்கக் கொடுங்கள்

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களே!

உங்கள் பிள்ளையிடம் உத்திரமேரூர் என்று சொல்லிப் பாருங்கள். 'குடவோலை முறை' என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்: ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றை எடுத்து ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை. நல்லது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரனும் வாரியத்துக்கு வரக் கூடாது என்று எழுதிவைத்த ஊர் அது. (இன்றைக்கு அந்த விதி இருந்தால் எத்தனை பேர் குடும்பத்தோடு வெளியே நிற்பார்கள்!) 2020இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்த ஊரின் பெயரைச் சொன்னார்.

பெருமைதான். ஆனால் அதே கல்லில் தகுதி என்று என்ன எழுதியிருக்கிறது? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை, ஐயா! உழுதவன் பெயருக்கு அங்கே ஓலை கிடையாது. பெண்ணுக்கும் கிடையாது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் நாட்டுப்பற்று குறைந்துவிடும் என்று சிலர் பதறுகிறார்கள். உண்மையைக் கேட்டுக் குறைகிற பற்று என்ன பற்று?

ஓலை கிடைக்காதவன் இந்த நாட்டில் எப்படித் தன் பெயரை எழுதவைத்தான்? மீதிப் பாடம் அதுதான். 1918இல் பி அண்ட் சி துணி மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. பக்கபலம். நிர்வாகம் என்ன செய்தது? வாடியா மேல் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. வேலைநிறுத்தம் செய்யச் சொன்னதே குற்றமாம்! அந்த அடி வாங்கிய பிறகு வந்ததுதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்.

அந்தச் சட்டப்படி எங்கள் சங்கத்தைப் பதிவு செய் என்று சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் போராடியது எங்கே? இதே சுங்குவார்சத்திரத்தில்! நீதிமன்றப் படியேறி, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. உங்கள் பிள்ளையின் அப்பாவோ மாமாவோ அந்தப் போராட்டப் பந்தலில் இருந்திருப்பார். அவர் செய்தது வரலாறு என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது?

பள்ளிக் கல்வித் துறையை இந்த மேடை கேட்கிறது: பிள்ளைகளை உத்திரமேரூருக்குப் பஸ் ஏற்றுங்கள். கல்வெட்டின் வாசகத்தை முழுசாகக் கையில் கொடுங்கள். மறுவாரம் அந்தப் பந்தலில் இருந்தவரை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். பரீட்சைக்கு வராது என்பீர்கள். வினாத்தாள் எடுப்பது நீங்கள்தானே, வரவையுங்கள்!